யார் வீட்டுப் பிள்ளை

ஜெர்மனியின் ஹாலே நகரில் நான் குடிபோன வீட்டுக்கு எண் இல்லை. கட்டடத்துக்கு உண்டு, உள்ளே இருக்கும் பத்து வீடுகளுக்கு இல்லை. 2018 அக்டோபர் 27, சனிக்கிழமை இரவு. இரண்டு பெட்டியும் ஒரு தோள்பையுமாக வாசலில் நின்று, வீட்டுக்காரர் அனுப்பியிருந்த விலாசத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தெருப் பெயர், கட்டட எண், ஊரின் அஞ்சல் குறியீடு. முதல் மாடியா மூன்றாம் மாடியா, இடப்பக்கமா வலப்பக்கமா, ஒன்றும் இல்லை. கதவோரம் ஒரு பித்தளைப் பலகை. அதில் பத்து மணிப் பொத்தான்கள். ஒன்பதின் எதிரில் ஒன்பது பெயர்கள். பத்தாவதன் எதிரில் வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளைத் தாள்தான் நான் என்று புரிய ஐந்து நிமிடம் பிடித்தது.

சாவியை ஆய்வுக்கூடத்து நண்பர் ஒருவர் ரயில் நிலையத்திலேயே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எந்தக் கதவுக்கு என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் மாடியில் ஒரு கதவில் நுழைத்துத் திருகினேன். சாவி திரும்பவில்லை, கதவு திறந்தது. உள்ளே எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, கம்பளிச் செருப்பில். நடுராத்திரியில் தன் பூட்டை நெம்பிக்கொண்டு நிற்கும் கறுத்த ஆளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். ஒரு விரலை மேலே நீட்டினார். அடுத்த மாடி. வெளிநாட்டில் எனக்குக் கிடைத்த முதல் வழிகாட்டல் அந்த விரல்.

மறுநாள் காலை எழுந்து பால் வாங்கப் போனேன். கடை மூடியிருந்தது. அடுத்த கடையும் மூடியிருந்தது. அதற்கடுத்த தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. ஏதோ ஊரடங்கு என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்பது ஜெர்மனியில் வழக்கம் மட்டுமல்ல, அரசியல் சட்டம். 1919ஆம் ஆண்டு வைமர் சட்டத்தில் எழுதிய ஒரு பிரிவை அப்படியே எடுத்து இன்றைய சட்டத்திலும் வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, அன்று அதிகாலை மூன்று மணியை இரண்டு மணியாக்கிக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள், குளிர்காலத்துக்காக. சனிக்கிழமை எனக்கும் அம்மாவுக்கும் இடையில் மூன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை நான்கரை. ஒரே ராத்திரியில், நான் தூங்கிக்கொண்டிருந்தபோதே, ஊர் ஒரு மணி நேரம் தள்ளிப் போய்விட்டது. மாலை ஐந்து மணிக்குள் இருட்டியது. விமானத்தில் கொடுத்த பிஸ்கட்டும் அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப் பொடியும்தான் அன்றைக்குச் சாப்பாடு.

திங்களும் செவ்வாயும் கடை திறந்தது. புதன்கிழமை மறுபடி மூடல். அக்டோபர் 31, மார்ட்டின் லூதர் 1517இல் விட்டன்பெர்க்கில் தன் 95 கருத்துகளை வெளியிட்ட நாள். விட்டன்பெர்க் பக்கத்து ஊர் போலத்தான். இந்த மாநிலத்தில் அது பொது விடுமுறை. வந்த ஐந்து நாளில் இரண்டு நாள் பட்டினிக்கு அருகில் போனவனுக்குச் சமயச் சீர்திருத்தம் பற்றிச் சிறந்த அபிப்பிராயம் வர வாய்ப்பில்லை.

இந்த எண்ணில்லா வீட்டைப் பற்றி அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. “இதுல என்னா தம்பி இருக்கு? நம்ம ஊரும் அப்படித்தானே?” என்றார்.

அப்பா போஸ்ட்மேன். பொறையாறு வட்டாரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் சைக்கிளில் தபால் கொண்டுபோனவர். அவர் காலத்தில் கதவு எண் எழுதி வந்த கடிதங்களை எண்ணிவிடலாம். ‘கீழத்தெரு, மாரியம்மன் கோயில் அருகில்’, ‘நெல் மிஷின் எதிரில்’, ‘பெரிய டீச்சர் மகன்’, இப்படித்தான் வரும். ஒரு பெயரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். எழுதியவர் யார், எந்த ஊரிலிருந்து, என்ன கையெழுத்து என்று பார்த்து, இது அந்த நாலு பேரில் எந்த ஆளுக்கு என்று கண்டுபிடிப்பார். விலாசதாரர் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்புவதை அவர் ஒரு தோல்வியாகவே நினைத்தார். அதை எழுதும் முன் மூன்று தெருவில் விசாரிப்பார். விசாரிக்கும் கேள்வி ஒன்றுதான்: ‘இவன் யாரு மவன்?’

ஊரில் பெயருக்கு மதிப்பு குறைவு. யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் விலாசம். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே எரிச்சல். பரிசு வாங்கினாலும் ‘போஸ்ட்மேன் மவன் ஃபர்ஸ்ட்டு வந்துட்டான்’ என்றுதான் சொல்வார்கள். மாங்காய் அடித்தாலும் ‘போஸ்ட்மேன் மவன்’தான் அடித்தான். தாவர வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி, ஜெர்மனியில் இரண்டு வருட ஆய்வுப் பணி கிடைத்தபோது எனக்கிருந்த மகிழ்ச்சியில் ஒரு பங்கு இதற்காகவும்தான். அங்கே என்னை என் பெயரால் மட்டும் கூப்பிடுவார்கள்.

புதிய வீட்டில் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். வீடு கொடுத்ததாக வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளோடு போனேன். எண் சீட்டு எடுத்து, பலகையில் எண் மின்னும்வரை காத்திருந்து, உள்ளே போனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். புன்னகைத்தார். “ஹெர்”, அதாவது திரு, என்று தொடங்கி அப்பாவின் பெயரைச் சொன்னார்.

நான் திரும்பிப் பார்த்தேன். உண்மையாகவே திரும்பிப் பார்த்தேன், அப்பா பின்னால் நிற்கிறாரோ என்பது போல.

மயிலாடுதுறையில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்ட கணினி மையத்துப் பையன் செய்த வேலை அது. என் பெயருக்கு முன்னால் இருக்கும் ஒற்றைத் தலைப்பெழுத்தை விரித்து, ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் போட்டுவிட்டான். ‘வெளிநாடு போறவங்களுக்கு இப்படிப் போட்டாத்தாண்ணே வசதி’ என்றான். ஒரு புள்ளியோடு அடங்கி என் பெயருக்கு முன்னால் ஓரமாக நின்ற எழுத்து, ரோமன் எழுத்தில் பதினான்காகப் பெருகி என் பெயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. ஜெர்மனியில் பின்னால் இருப்பதுதான் முன்னால். அலுவலகம், வங்கி, மருத்துவர், நூலகம் எல்லா இடத்திலும் அதைத்தான் கூப்பிடுவார்கள். நம் பெயர் நெருங்கியவர்களுக்கு மட்டும். அந்தப் பெண்ணிடம் விளக்க முயன்றேன். எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இது என் அப்பாவின் பெயர், அவரை இப்படிக் கூப்பிட்டால் சரி, என்னை அல்ல. என் ஜெர்மன் அதற்குப் போதவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போனார். மதம் என்ன? தேவாலய வரி பிடிக்க அது தேவை. எந்த வரிக் கணக்கிலும் சேராத என் தெய்வங்களுக்காக அவர் ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

ஆக, பத்தாயிரம் ரூபாய்க்குக் கம்பளிச் சட்டை வாங்கிக்கொண்டு கண்டம் தாண்டிப் போய், நான் மறுபடி போஸ்ட்மேன் மகன் ஆனேன்.

வந்த முதல் வாரத்திலேயே மணிப்பலகையின் வெள்ளைத் தாளை எடுத்துவிட்டு, என் கையாலேயே பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். நம் வழக்கப்படி ஒரு தலைப்பெழுத்து, ஒரு புள்ளி, பிறகு என் பெயர். தபால் பெட்டியிலும் அப்படியே. அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தபாலும் வரவில்லை. ஜெர்மனியில் தபால் வராதவன் உயிரோடு இருப்பதற்கு ஆதாரம் குறைவு. பதினோரு இலக்க வரி எண் தபாலில்தான் வரும். அது இல்லாவிட்டால் சம்பளத்தில் வரி கண்டபடி பிடிப்பார்கள். வங்கி அட்டை ஒரு கடிதத்தில் வரும், அதன் ரகசிய எண் இன்னொரு கடிதத்தில் வரும். வீட்டில் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் ஒலிபரப்புக்காக அப்போது மாதம் பதினேழரை யூரோ கட்டச் சொன்ன கடிதம்கூட எனக்கு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரம் வங்கிக்குப் போய்க் கேட்டேன். ஊழியர் உள்ளே போய் ஓர் உறையோடு வந்தார். திரும்பி வந்த உறை. அதன் மேல் மஞ்சள் ஒட்டுத்தாள். இந்த விலாசத்தில் இப்படி ஒருவரைக் கண்டறிய இயலவில்லை என்று அச்சிட்ட வரி. அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விலாசதாரர் இல்லை. எங்கள் வீட்டில் அது கெட்ட வார்த்தை.

தபால்காரப் பெண்ணின் மீது தவறில்லை. உறையில் இருந்தது அப்பாவின் பெயர். பலகையில் இருந்தது என் பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று அவருக்கு யார் சொல்வது? மூன்று தெருவில் விசாரிக்க அங்கே தெருவில் ஆளும் இல்லை.

அன்று மாலை படியில் பாட்டியைப் பார்த்தேன். உறையைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். என்னை அழைத்துக்கொண்டு கீழே போய் மணிப்பலகையைப் பார்த்தார். நான் ஒட்டிய தாளை நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்தார். வீட்டுக்குள் போய்க் கத்தரிக்கோல், கெட்டி அட்டை, கறுப்பு மைப் பேனா எடுத்துவந்தார். ஒரு விரல் அகலம், ஒன்றரை விரல் நீளம் இருக்கும் அந்த இடம். பதினான்கு எழுத்தையும் பென்சிலால் முதலில் அளந்து பார்த்தார். பன்னிரண்டில் இடம் முடிந்துவிட்டது. அழித்தார். எழுத்தைச் சிறிதாக்கி மறுபடி அளந்தார். கடைசி எழுத்து ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றது. பிறகு மைப் பேனாவால், நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, கரும்பலகையில் எழுதும் டீச்சர் போல ஒவ்வொன்றாக எழுதினார். என் பெயருக்கு அந்த அட்டையில் இடமே இல்லை. கடல் தாண்டிப் பழக்கமில்லாத, பொறையாற்றை விட்டுச் சென்னைக்கே நாலு தடவைதான் போயிருக்கிற அப்பா, ஹாலேயில் ஒரு வாசலில் குடியேறினார்.

நான் வந்த மாதத்தில்தான் பக்கத்து நாட்டில் மணிப்பலகைப் பெயர் பெரிய செய்தியானது. மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பயந்து, வியன்னா நகராட்சி தன் குடியிருப்புகளில் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் வீடுகளின் பெயர் அட்டைகளை எடுத்துவிட்டு எண் போட முடிவு செய்திருந்தது. ஜெர்மனியிலும் அந்தப் பேச்சு கிளம்பியது. தேவையில்லை, மணிப்பலகைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தரவுப் பாதுகாப்பு அதிகாரி சொன்ன பிறகு அடங்கியது. பெயர் அந்தரங்கம் என்பது அவர்கள் வாதம். சரியான பெயர் எழுதத் திண்டாடிய எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பாட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இளமையில் குடியிருந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹாலே-நொய்ஷ்டாட்டில். கிழக்கு ஜெர்மனி அரசு, லொய்னா, பூனா ரசாயன ஆலைத் தொழிலாளர்களுக்காக 1964இல் கட்டத் தொடங்கிய நகரம். அங்கே தெருக்களுக்குப் பெயரே கிடையாது. கட்டடங்களுக்கு எண், அவ்வளவுதான். அந்த எண்களின் வரிசையும் வெளியாட்களுக்குப் பிடிபடாது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒரே மாதிரிக் கட்டடங்களுக்கு நடுவில் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் மணிப்பலகையில் பெயர் தேடித்தான் கண்டுபிடிப்பார்களாம். இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகே அங்கே தெருக்களுக்குப் பெயர் வந்தது. “எண் வைத்து ஆளைத் தேட முடியாது” என்றார் பாட்டி. அல்லது அந்தப் பொருளில் ஏதோ சொன்னார். அப்போது என் ஜெர்மனுக்கு அவ்வளவுதான் எட்டியது.

மொழி அந்த நாட்களில் என்னை எவ்வளவு சிறியவனாக்கியது என்பதைச் சொல்ல ஒரு ரொட்டிக் கடை போதும். காலையில் வரிசையில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைச் சுட்டு விரலால் காட்டுவேன். இது. ஒன்று. நன்றி. விலை சொல்வார்கள். ஜெர்மனில் ஐம்பத்து நாலைத் திருப்பி ‘நாலும் ஐம்பதும்’ என்பார்கள். என் காதில் முதலில் விழும் நாலு, நாற்பதாகிவிடும். நாற்பத்தைந்து காசு எடுத்து நீட்டுவேன். கடைக்காரப் பெண் என் உள்ளங்கையில் இருக்கும் சில்லறையிலிருந்து தானே பொறுக்கி எடுத்துக்கொள்வார், திருவிழாக் கடையில் குழந்தையின் கையிலிருந்து எடுப்பது போல. பின்னால் நிற்கும் பத்து வயதுப் பையன் என்னை இரக்கத்தோடு பார்ப்பான். ஆய்வுக்கூடத்துக்குப் போனால் நான் முனைவர். பன்னிரண்டு நிமிட நடை தூரத்தில், ரொட்டிக் கடையில், ஒன்றரை வயது.

குப்பையிலும் அப்படித்தான். தாளுக்கு நீலம், உணவுக் கழிவுக்குப் பழுப்பு, பொட்டலங்களுக்கு மஞ்சள், மிச்சத்துக்குக் கறுப்பு. கண்ணாடி தனி, அதிலும் வெள்ளை, பச்சை, பழுப்பு தனித்தனி, அதை ஞாயிற்றுக்கிழமை போட்டால் சத்தம் கேட்டு அக்கம்பக்கம் கோபிக்கும். பிளாஸ்டிக் பாட்டிலைக் குப்பையில் போடுகிறவன் இருபத்தைந்து காசைப் போடுகிறான் என்று பாட்டி எடுத்துக் காட்டிய நாளில், நான் அதுவரை எறிந்த காசைக் கணக்குப் பார்த்துவிட்டுத் தூங்கவில்லை.

இப்படி ஒவ்வொன்றையும் குழந்தை போலக் கற்றுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு மணல் ஞாபகம் வந்தது. தரங்கம்பாடி எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதி தூரம். அங்கே சீகன்பால்கு ஐயர் சிலையைக் கடந்துதான் கடற்கரைக்குப் போவோம். ஹாலேயில் கொஞ்ச காலம் படித்து, டென்மார்க் மன்னர் அனுப்பிக் கப்பலேறி, ஏழு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்து, 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கியவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. மறுநாள் அவருக்கு இருபத்து நாலு வயது. கோட்டையிலிருந்த டேனிஷ் தளபதிக்கு அவர் வந்தது பிடிக்கவில்லை. வரவேற்பில்லை, தங்க இடமில்லை. தமிழ் தெரியாது, கற்றுக்கொள்ளப் புத்தகமும் இல்லை. அவர் செய்தது இதுதான்: வயதான திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரைத் தன் வீட்டுக்கே பள்ளியை மாற்றிக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார்.

பள்ளியில் இதைப் பாடமாகப் படித்தபோது அவருடைய உழைப்பைத்தான் வாத்தியார் சொன்னார். ரொட்டிக் கடை வரிசையில் நின்றபோதுதான் இன்னொன்று தெரிந்தது. இலத்தீனும் கிரேக்கமும் படித்த ஒருவர், ஐந்து வயதுப் பிள்ளைகள் பார்க்க, தப்பாக எழுதச் சம்மதிக்க வேண்டும். உழைப்பைவிட அந்தச் சம்மதம் கடினம். மணலுக்கு ஒரு கருணை உண்டு. தப்பை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போயிற்று. முதல் நாட்களுக்கு ஏற்ற பலகை அதுதான். பாட்டியின் பென்சிலும் அந்த வகைதான்.

அவர் பிறகு செய்ததெல்லாம் ஊர் அறிந்தது. 1713இல் ஹாலேயில் வார்த்த எழுத்துகள் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் அச்சேறியது, புதிய ஏற்பாடு தமிழில் வந்தது. எனக்கு நெருக்கமாகப் பட்டவர் அவருடன் போன ஒரு தமிழர். 1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது, மொழி விஷயத்தில் உதவ மலையப்பன் என்பவரை உடன் அழைத்துப் போனார். அந்தப் பயணத்தின் பயனாகத் தமிழ் இலக்கணம் ஒன்று இலத்தீனில் எழுதப்பட்டு 1716இல் ஹாலேயில் அச்சானது. திருமுழுக்கில் மலையப்பனுக்கு வைத்த பெயர் பேதுரு. ஆகவே ஐரோப்பிய ஏட்டில் அவர் பேதுரு மலையப்பன். சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிப் பின்னால் போய் நின்றுவிட்டது. என் பாஸ்போர்ட் கட்டத்துக்கு முந்நூறு வருட முன்னோடி.

ஒரு சனிக்கிழமை, பிராங்கே நிறுவனங்கள் இருக்கும் வளாகத்துக்குப் போனேன். 1698இல் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே அடிக்கல் நாட்டிய அநாதை இல்லம். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களை 1710 முதல் அச்சிட்டு வெளியிட்டது அங்கேதான். 1712 முதல் 1714 வரை நம் பக்கத்துத் தமிழர்களே தங்கள் சாமி, சடங்கு, வைத்தியம் பற்றி எழுதிய 99 கடிதங்கள் ஜெர்மனில் அச்சானதும் அங்கேதான். காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. பொறையாற்றுக்கும் ஹாலேக்கும் நடுவில் தபால் போக்குவரத்து இவ்வளவு பழையது என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது, “அப்ப கப்பல் தபால் எத்தனை மாசத்துல போயிருக்கும்?” ஏழெட்டு மாதம் என்றேன். “பரவாயில்ல. நடுவுல தொலையாம போச்சே” என்றார்.

திரும்பும் வழியில் சந்தைச் சதுக்கத்தில் ஹாண்டல் சிலை. 1685இல் இந்த ஊரில் பிறந்து, லண்டன் போய், 1727இல் பிரிட்டிஷ் குடிமகனாகிவிட்ட இசை மேதை. ஜெர்மனில் அவர் பெயரில் ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி உண்டு. அதனால் உள்ளூர்க்காரர்களுக்கு அவர் ஹெண்டல். லண்டனில் அந்தப் புள்ளிகள் உதிர்ந்து ஹாண்டல் ஆனார். ஊர் நடுவில் நிற்க வைத்திருப்பதே வெளிநாட்டில் புள்ளியைத் தொலைத்தவரைத்தான் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஆறுதலுக்கு இன்னோர் இடமும் கிடைத்தது. ஒரு வியட்நாமியக் கடை. பச்சை மிளகாய், கொத்துமல்லி, சாப்பிடத் தகுந்த அரிசி மூன்றும் அங்கே உண்டு. கடைக்கார அம்மா 1987இல் ஒப்பந்தத் தொழிலாளியாக வந்தவர். கிழக்கு ஜெர்மனி தன் ஆலைகளுக்கு ஆள் போதாமல் வியட்நாம், மொசாம்பிக், கியூபா நாடுகளிலிருந்து ஆள் கொண்டுவந்தது. சுவர் விழுந்த 1989இல் வியட்நாமியர் மட்டும் சுமார் அறுபதாயிரம் பேர். தனி விடுதிகளில் வைத்திருந்தார்கள். வாசலில் காவல், யார் வருகிறார், யார் போகிறார் என்று கணக்கு. கர்ப்பமான பெண்கள் கருவைக் கலைக்க வேண்டும், இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும் என்று விதி இருந்த காலம். சுவர் விழுந்ததும் ஆலைகள் மூடின, வேலை போனது, பலர் திரும்பினார்கள். இவர் திரும்பவில்லை. முதல் நாட்கள் எப்படி இருந்தன என்று நான் கேட்டபோது அரிசியை நிறுத்துக்கொண்டே சொன்னார்: “விடுதியில் எங்களுக்கு மணி கிடையாது. யாரும் எங்களைத் தேடி வரக் கூடாது அல்லவா?” அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பெயரெழுதிய ஒரு மணி, அந்த அம்மாவுக்கு வந்து சேரப் பல வருடம் எடுத்துக்கொண்ட ஒரு பொருள்.

மணிப்பலகைக்கு இன்னொரு முகமும் உண்டு. மறு வருடம் அக்டோபர் 9, புதன்கிழமை, யூதர்களின் யோம் கிப்பூர் நாள். எங்கள் பவுலுஸ் வட்டாரத்தில் இருக்கும் யூத ஆலயத்தைத் துப்பாக்கியோடு ஒருவன் தாக்கினான். உள்ளே ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் வழிபாட்டில் இருந்தார்கள். மரக்கதவைச் சுட்டும் அவனால் திறக்க முடியவில்லை. தெருவில் போன ஒரு பெண்ணையும், சற்றுத் தள்ளிக் கபாப் கடையில் மதியச் சாப்பாட்டுக்கு வந்த ஓர் இளைஞரையும் சுட்டுக் கொன்றான். கடையைத் தேர்ந்தெடுத்தது வெளிநாட்டுக்காரர்கள் இருப்பார்கள் என்பதால். வெளியே வர வேண்டாம் என்று நகர நிர்வாகம் அறிவித்தது. ஜலதோஷத்தோடு வீட்டில் கிடந்த நான் அப்போது நினைத்தது கீழே இருக்கும் பதினான்கு எழுத்தைத்தான். இங்கே ஒரு வெளிநாட்டான் இருக்கிறான் என்று தெருவில் போகிறவன் எவனும் படிக்கலாம். வியன்னாக்காரர்களின் பயம் அன்று வேடிக்கையாக இல்லை.

வீட்டு வாசல் மணி அடித்தது. அசையாமல் இருந்தேன். மறுபடி அடித்தது. பிறகு கதவுக்கு வெளியே பாட்டியின் குரல், “ஹெர்...” என்று தொடங்கி, பதினான்கு எழுத்தில் ஒன்றையும் விழுங்காமல், அப்பாவின் பெயரைச் சொன்னது. வீட்டில்தான் இருக்கிறேனா என்று பார்க்க ஏறி வந்திருக்கிறார். இருக்கிறேன் என்று தெரிந்ததும் ஒரு கிண்ணம் சூப்பைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். இரண்டு நாள் கழித்து, அட்டையை எடுத்துவிடட்டுமா என்று அவரே கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். துணிச்சலால் சொன்னதல்ல. எடுத்துவிட்டால் அவர் எந்த மணியை அடிப்பார்?

வெளிநாட்டில் முதல் நாட்கள் பற்றி நண்பர்கள் கேட்கும்போது தனிமை, குளிர், சாப்பாடு என்று எதிர்பார்க்கிறார்கள். அதெல்லாம் உண்டு, மூன்று மாதத்தில் பழகிவிடும். அந்த நாட்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது நானாகச் சம்பாதித்த எல்லாவற்றையும்: படிப்பு, பேச்சு, சாமர்த்தியம், சொந்தமாக ஒரு பெயர். மிஞ்சியது எதுவோ, அது நான் ஊரில் உதற நினைத்த அதே கேள்விக்கான பதில். யார் வீட்டுப் பிள்ளை? குடியேறுவது பற்றி அறிஞர்கள் ஆயிரம் சொல்லட்டும். போஸ்ட்மேன் மகனிடம் கேட்டால் விடை சுருக்கம்: ஒரு கடிதம் தேடி வந்து கையில் சேர்ந்தால் குடியேறிவிட்டோம், திரும்பிப் போனால் இல்லை.

எனக்கு அது நடந்தது முதல் வருடம் டிசம்பரில். அட்டையில் தன் பெயர் ஏறிய கதையைக் கேட்டுவிட்டு அப்பா போனில் நெடுநேரம் சிரித்தார். “எனக்கு வர்ற தபாலையெல்லாம் நீ வாங்கிக்கிறியா? இரு, நான் ஒண்ணு போட்டுப் பாக்குறேன்” என்றார். ஓய்வு பெற்ற பிறகு தான் வேலை பார்த்த அதே தபால் ஆபீஸில் வரிசையில் நின்று, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டார். பத்தொன்பது நாள் கழித்து மணி அடித்தது. கீழே இறங்கிப் போனேன். தபால்காரப் பெண் கையில் பழுப்பு உறை, அதில் அப்பாவின் உருண்டைக் கையெழுத்து. பெறுநர் இடத்தில் அப்பாவின் பெயரோடு ஹாலே விலாசம். அனுப்புநர் இடத்தில் அதே பெயரோடு பொறையாறு விலாசம். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மணிப்பலகையைப் பார்த்தார். இது நீங்கள்தானா என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லி, அப்பாவின் பெயரில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.